தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற குழந்தைக்கு நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிப்பது எப்படி

குழந்தைகளுக்கு வரும் தைராய்டு புற்றுநோயில் இரண்டு கேள்விகளை ஒன்றோடொன்று கலக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். நோயால் உயிருக்கு ஆபத்து உண்டா என்பது ஒன்று. சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்ப வருமா என்பது மற்றொன்று. பல புற்றுநோய்களில் இவை இரண்டும் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும். இங்கே அப்படியில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1940 முதல் 2008 வரை பாப்பில்லரி வகைத் தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 215 குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் நெடுங்காலம் தொடர்ந்து கவனித்தபோது, அந்த நோயாலேயே இறந்தவர்கள் 2 பேர் மட்டுமே என்று தெரிந்தது. செர்னோபில் விபத்துக்குப் பிறகு பெலாரஸில் தைராய்டு புற்றுநோய் அறுவை செய்யப்பட்ட 740 குழந்தைகளைப் பற்றி 2006-இல் வெளியான ஆய்வில், நான்கில் ஒருவருக்கும் மேலானோருக்கு நோய் திரும்பியிருந்தது. ஆனால் பத்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 98 சதவீதத்துக்கும் மேல். நோய் திரும்புவது சாதாரணமாக நடக்கக்கூடியது, இறப்பு மிக அரிது என்ற இந்த இரட்டை நிலையை மனத்தில் இருத்திக்கொண்டுதான் கணிப்பைத் தொடங்க வேண்டும்.

இதனால்தான் பயாப்ஸி ரிப்போர்ட்டிலோ டிஸ்சார்ஜ் சம்மரியிலோ எழுதப்பட்டிருக்கும் ‘ஸ்டேஜ் 1’ என்ற சொல்லை வைத்து நோய் திரும்புமா என்று முடிவு செய்யக் கூடாது. புற்றுநோயின் நிலையைப் பிரிக்கும் டி.என்.எம். என்ற முறையின் எட்டாம் பதிப்புப்படி, 55 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் இரண்டே நிலைகளுக்குள் அடங்கிவிடுகிறார்கள்: உடலின் தொலைவான உறுப்புகளுக்கு நோய் பரவாதிருந்தால் 1, பரவியிருந்தால் 2. கழுத்தின் இருபுறமும் நெறிக்கட்டிகள் நிறைந்த பத்து வயதுக் குழந்தையும், ஒரு செ.மீ. கட்டி மட்டுமே இருந்த பதினேழு வயது இளைஞனும் அங்கே ஒரே ‘ஸ்டேஜ் 1’. அந்த நிலை உயிராபத்தைப் பற்றிப் பேசுகிறது. நோய் திரும்புவதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இந்த வழிகாட்டி, குழந்தையைத் தொடர்ந்து கவனிக்கும் பெற்றோருக்கும், அவர்களுக்கு அருகிலிருந்து உதவும் குழந்தை மருத்துவர்களுக்கும் பொது மருத்துவர்களுக்கும் எழுதப்பட்டது. குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேல் காணப்படும் பாப்பில்லரி வகையையும், அதற்கு அடுத்த ஃபாலிகுலர் வகையையும் பற்றியது. தைராய்டு முழுவதும் அகற்றப்பட்ட குழந்தைகளையே முதன்மையாக மனத்தில் கொண்டது. மெடுல்லரி வகை வேறு செல்களிலிருந்து தோன்றுவது. அதற்குக் கால்சிடோனின், சி.இ.ஏ. என்ற வேறு ரத்தப் பரிசோதனைகள் உண்டு, ரெட் மரபணுப் பரிசோதனையும் அவசியம். அதை இங்கே சொல்லும் முறையால் கணிக்க முடியாது. சிகிச்சை முடிவுகளை எடுப்பவர்கள் குழந்தையைப் பார்த்துவரும் நிபுணர் குழுவினரே. அவர்களோடு தெளிவாகப் பேசவும், ரிப்போர்ட்டுகளைப் புரிந்துகொள்ளவும் இது பயன்பட வேண்டும்.

முதலில் ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். கணிப்பை ஒரே நாளில் செய்து முடிக்க முடியாது. அறுவை முடிந்த மூன்று மாதத்துக்குள் ஒரு முறை, ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் மறுமுறை, அதன் பின்னர் ஒவ்வொரு பரிசோதனையின்போதும் அதைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு திருத்தத்திலும், அறுவை நாளில் கிடைத்த தகவலைவிட, குழந்தையின் உடல் சிகிச்சைக்கு எப்படிப் பதில் தந்திருக்கிறது என்பதற்கே கூடுதல் எடை தர வேண்டும். முதல் நாள் ‘அதிக ஆபத்து’ என்று எழுதப்பட்ட குழந்தை அந்தச் சொல்லை இருபது ஆண்டு சுமக்க வேண்டியதில்லை.

காகிதங்களைச் சேர்த்தல்

கணிப்புக்கு வேண்டிய ஆவணங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அறுவைக்கு முன் எடுத்த கழுத்து அல்ட்ராசவுண்ட், அறுவைக் குறிப்பு, முழு பயாப்ஸி ரிப்போர்ட், அறுவைக்குப் பிறகு எடுத்த, தைராய்டு செல்கள் சுரக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் ரத்தப் பரிசோதனைகள், மீதமுள்ள தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க மருந்தான ரேடியோ அயோடின் கொடுத்திருந்தால் அதன் அளவும் தேதியும், கொடுத்த சில நாள் கழித்து எடுத்த உடல் முழுவதுமான ஸ்கேன், மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவு ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைக்க வேண்டும். இவற்றில் பெற்றோர் கையில் பெரும்பாலும் இல்லாதது அறுவைக் குறிப்பு. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியாகச் சுருக்கப்பட்டிருப்பதைக் கொண்டு திருப்தி அடையாமல், முழுக் குறிப்பின் நகலை மருத்துவமனையில் எழுதிக் கேட்டு வாங்குவது நல்லது.

அறுவைக் குறிப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் உண்டு. நோய் பரவிய நெறிக்கட்டிகளை அகற்றும்போது, அவை இருக்கும் பகுதி முழுவதையும் ஒழுங்காக எடுப்பது ஒரு முறை. கண்ணில் பட்ட பெரிய கட்டிகளை மட்டும் பொறுக்கி எடுப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் நுண்ணிய நோயுள்ள கட்டிகள் உள்ளேயே தங்கிவிடுகின்றன. பின்னால் நோய் திரும்பிவிட்டது என்று சொல்லப்படுவதில் கணிசமான பகுதி, முதல் அறுவையிலேயே விடுபட்ட நோய்தான். பெலாரஸ் ஆய்விலும், கழுத்து நெறிக்கட்டிகளை முறையாக அகற்றாதது நோய் திரும்புவதோடு தொடர்புள்ளதாகக் காணப்பட்டது. மூச்சுக்குழாய், உணவுக்குழாய், குரல்வளை நரம்பு ஆகியவற்றில் நோய் ஒட்டியிருந்ததா, எங்காவது சிறு பகுதி வேண்டுமென்றே விடப்பட்டதா என்பதையும் அறுவை நிபுணர் மட்டுமே எழுதியிருக்க முடியும்.

பயாப்ஸி ரிப்போர்ட்டை வாசித்தல்

பெற்றோரின் கண் முதலில் கட்டியின் அளவில்தான் நிற்கும். அளவுக்குப் பங்கு உண்டு. ஆனால் குழந்தையின் தைராய்டே சிறியது என்பதால், பெரியவர்களுக்கான செ.மீ. எல்லைகளை அப்படியே குழந்தைக்குப் பொருத்த முடியாது. குழந்தைகளின் கணிப்பில் மிக அதிக எடை கொண்டது நெறிக்கட்டிகளின் நிலை, அதாவது ‘என்’ என்ற எழுத்தோடு வரும் குறியீடு. ‘என்0’ என்றால் ஆராய்ந்த நெறிக்கட்டிகளில் நோய் இல்லை. ‘என்எக்ஸ்’ என்றால் ஆராயப்படவே இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ‘என்1ஏ’ என்பது தைராய்டை ஒட்டிய கழுத்தின் நடுப்பகுதிக் கட்டிகளில் நோய் இருப்பதையும், ‘என்1பி’ என்பது கழுத்தின் பக்கவாட்டுக் கட்டிகளுக்குப் போயிருப்பதையும் குறிக்கும்.

குறியீட்டோடு நிறுத்தாமல் எண்ணிக்கையையும் தேட வேண்டும். எத்தனை நெறிக்கட்டிகள் எடுக்கப்பட்டன, அவற்றில் எத்தனையில் நோய் இருந்தது, மிகப் பெரிய நோய்ப்படிவு எத்தனை மி.மீ., கட்டியின் உறையைத் தாண்டி நோய் வெளியே வந்திருந்ததா என்ற நான்கு விவரங்களும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். இருபது கட்டிகளில் ஒன்றில் ஊசிமுனை அளவு நோய் இருந்த குழந்தைக்கும், பத்தில் எட்டில் உறையைத் தாண்டிய நோய் இருந்த குழந்தைக்கும் ‘என்1ஏ’ என்ற ஒரே குறியீடு கிடைக்கலாம். இருவரின் எதிர்காலமும் ஒன்றாக இருக்கப் போவதில்லை. இந்த விவரங்கள் இல்லாவிட்டால், அதே கண்ணாடித் தகடுகளைக் குழந்தைகளின் தைராய்டு நோயில் அனுபவமுள்ள நோய்க்கூற்றியல் நிபுணர் ஒருவரிடம் மறுபரிசீலனைக்கு அனுப்பும்படி மருத்துவரைக் கேட்கலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை: தைராய்டின் ஒரே இடத்தில் நோய் இருந்ததா, பல இடங்களில் இருந்ததா, ரத்தக் குழாய்களுக்குள் புகுந்திருந்ததா, சுற்றியுள்ள உறுப்புகளில் பரவியிருந்ததா. பாப்பில்லரியின் துணை வகையும் முக்கியம். தைராய்டு முழுவதும் தழும்புபோல் இறுகிப் பரவும் ‘டிஃப்யூஸ் ஸ்கிளிரோசிங்’ என்ற துணை வகை பெரியவர்களைவிட இளம் வயதினரிடம் அதிகம் காணப்படுகிறது. அதில் நெறிக்கட்டிகளுக்கும் நுரையீரலுக்கும் பரவல் கூடுதல். வயதைப் பொறுத்தவரை, பத்து வயதுக்குக் கீழ் கண்டறியப்பட்டவர்களிடம் நோய் பரந்து காணப்படும் என்பது பொதுவான அனுபவம். ஆனால் பரவலின் அளவு கையில் கிடைத்தபின் வயதை மட்டும் தனியே ஒரு பெரிய ஆபத்தாக எண்ண வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். ஆய்வுகளும் இந்த இடத்தில் ஒரே குரலில் பேசவில்லை.

மூன்று படிகளில் ஒன்றில் வைத்தல்

அமெரிக்கத் தைராய்டு சங்கம் குழந்தைகளுக்கென்றே தனி வழிகாட்டியை 2015-இல் வெளியிட்டது. அதன்படி, அறுவை முடிந்து பொதுவாக 12 வாரத்துக்குள் குழந்தையை மூன்று படிகளில் ஒன்றில் வைக்கிறார்கள். நோய் தைராய்டுக்குள்ளேயே அடங்கி, நெறிக்கட்டிகளில் இல்லாமலோ, நடுக்கழுத்தின் ஓரிரு கட்டிகளில் நுண்ணிய அளவில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டோ இருந்தால் குறைந்த ஆபத்து. நடுக்கழுத்தில் பரவலாகவோ, பக்கவாட்டில் சிறிதளவோ இருந்தால் நடுத்தர ஆபத்து. பக்கவாட்டில் மிகப் பரவலாக இருந்தாலோ, அருகிலுள்ள உறுப்புகளுக்குள் ஊடுருவியிருந்தாலோ அதிக ஆபத்து; அவர்களில் சிலருக்கு நுரையீரல் பரவலும் இருக்கும்.

இந்தப் படி எதைக் கணிக்கிறது என்பதை வழிகாட்டியே தெளிவாகச் சொல்கிறது: தைராய்டை முழுமையாக அகற்றிய பிறகும் கழுத்திலோ தொலைவிலோ நோய் தங்கியிருக்கும் வாய்ப்பை. இறப்பின் வாய்ப்பை அது குறிப்பதில்லை. அது மூன்று படியிலும் மிகக் குறைவு. படியைப் பொறுத்து மூன்று நடைமுறைகள் மாறுகின்றன. தைராய்டு செல்களைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனை, தைராய்டு ஹார்மோன் மாத்திரையால் எந்த அளவில் அடக்கி வைப்பது என்பது முதலாவது: குறைந்த ஆபத்தில் லிட்டருக்கு 0.5 முதல் 1.0 மில்லி யூனிட், நடுத்தரத்தில் 0.1 முதல் 0.5, அதிக ஆபத்தில் 0.1-க்குக் கீழ். இரண்டாவது, தூண்டிய நிலையில், அதாவது டி.எஸ்.எச். உயர்ந்திருக்கும்போது, தைரோகுளோபுலினும் அயோடின் ஸ்கேனும் எடுக்க வேண்டுமா என்பது. நடுத்தர, அதிக ஆபத்துப் படிகளில் இதைச் செய்து பார்த்தபின்தான் ரேடியோ அயோடின் தேவையா என்று முடிவு செய்கிறார்கள். மூன்றாவது, பரிசோதனைகளின் இடைவெளி.

படியை உயர்த்தி எழுதுவது பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. மேயோ கிளினிக்கின் அதே குழுவினரில், முதல் சிகிச்சைக்கு 30 ஆண்டுகளுக்குப் பிறகு எதிர்பார்த்ததைவிட அதிகமானோர் வேறு காரணங்களால் இறந்தார்கள். அவற்றில் பல மற்றப் புற்றுநோய்கள், இறந்தவர்களில் பெரும்பாலோர் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருந்தவர்கள். அந்தக் காலத்துக் கதிர்வீச்சு முறைகள் இன்றையவற்றைப் போன்றவை அல்ல என்பது உண்மையே. ஆனாலும் குழந்தைக்கு முன்னால் இன்னும் எழுபது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. தேவையற்ற ரேடியோ அயோடின், எலும்பையும் இதயத்தையும் பாதிக்கக்கூடிய தேவையற்ற டி.எஸ்.எச். அடக்கம், தேவையற்ற மறு அறுவை ஆகியவை கூடுதலாகக் கணித்ததற்குக் குழந்தை செலுத்தும் விலை.

தைரோகுளோபுலினைப் புரிந்துகொள்ளுதல்

தைராய்டு செல்களும் அவற்றிலிருந்து தோன்றிய புற்றுநோய் செல்களும் மட்டுமே சுரக்கும் புரதம் தைரோகுளோபுலின். தைராய்டை முழுமையாக அகற்றி, ரேடியோ அயோடினும் கொடுத்துவிட்ட பிறகு அது ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால், எங்கோ அந்தச் செல்கள் இருக்கின்றன என்று பொருள். ஒரு பக்கத் தைராய்டு மட்டும் எடுக்கப்பட்ட குழந்தையில் மீதமுள்ள நல்ல தைராய்டே இதைச் சுரக்கும் என்பதால், இந்த அளவை அங்கே நம்ப முடியாது. அவர்களுக்கு அல்ட்ராசவுண்டே துணை.

இந்தப் பரிசோதனையின் எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. அதே நாளில், அதே ரத்தத்தில் எடுத்த இரண்டு எண்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்: டி.எஸ்.எச்., தைரோகுளோபுலினுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம். டி.எஸ்.எச். ஏறினால் தைரோகுளோபுலினும் ஏறும். தேர்வுக் காலத்தில் காலையில் அவசரமாகக் கிளம்பும் பிள்ளை இரண்டு மூன்று வாரம் தைராய்டு ஹார்மோன் மாத்திரையை விட்டு விட்டு எடுத்திருந்தால், டி.எஸ்.எச். 0.3-இலிருந்து 9-க்குப் போய், தைரோகுளோபுலினும் கூடவே உயர்ந்து நிற்கும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று வீடே கலங்கிவிடும். மாத்திரையை வெறும் வயிற்றில் ஒழுங்காகக் கொடுத்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்த பிறகே எந்த முடிவுக்கும் வர வேண்டும்.

எதிர்ப்புப் புரதம் இருந்தால் நிலைமை தலைகீழ். வழக்கமான பரிசோதனை முறையில் அது தைரோகுளோபுலினை மறைத்து, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் எதிர்ப்புப் புரதம் உள்ள குழந்தையின் ரிப்போர்ட்டில் ‘தைரோகுளோபுலின் 0.1-க்குக் கீழ்’ என்று இருப்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. அத்தகைய குழந்தைக்கு எதிர்ப்புப் புரதத்தின் போக்கையே நோயின் அடையாளமாகப் பின்தொடர வேண்டும்: ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால் நல்லது, இறங்கியது மீண்டும் ஏறினாலோ, இல்லாத ஒன்று புதிதாகத் தோன்றினாலோ தேட வேண்டும். முடி வளர்ச்சிக்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகளும் சில ஆய்வுக்கூட முறைகளில் தைரோகுளோபுலினைக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளுக்கு முன்பாவது அதை நிறுத்தியிருக்க வேண்டும். எப்போதும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே முறையில் எடுப்பதும் அவசியம். வெவ்வேறு கருவிகளில் எடுத்த 0.4-ஐயும் 0.7-ஐயும் வைத்து ஏற்றம் என்று சொல்ல முடியாது.

நடுத்தர, அதிக ஆபத்துள்ள குழந்தைக்கு அறுவை முடிந்த சில வாரங்களில், டி.எஸ்.எச். உயர்ந்த நிலையில் எடுக்கும் தூண்டிய தைரோகுளோபுலின் முதல் பெரிய அறிகுறி. எதிர்ப்புப் புரதம் இல்லாதபோது அது ஒரு மி.லி.க்கு 2 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் நோய் தங்கியிருக்கும் வாய்ப்பு குறைவு. 10-க்கு மேல் இருந்தால் எங்கே என்று தேட வேண்டும். இடையில் இருப்பவர்களுக்கு மற்றத் தகவல்களையும் சேர்த்தே முடிவெடுக்க முடியும்.

நுரையீரலில் நோய் பரவியிருந்த குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தைகளின் நுரையீரல் பரவல் பெரும்பாலும் தினைபோன்ற நுண்புள்ளிகளாக இருக்கும். அயோடினை நன்றாக உறிஞ்சும். ரேடியோ அயோடின் கொடுத்த பிறகு அதன் முழு விளைவு வெளிப்பட மாதங்கள் அல்ல, ஆண்டுகள்கூட ஆகலாம். தைரோகுளோபுலின் பூஜ்யத்தைத் தொடாமலே 80, 35, 18, 11 என்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால் அந்தக் குழந்தை சரியான பாதையில்தான் இருக்கிறது. இறங்குகிற எண்ணைப் பூஜ்யமாக்கியே தீர வேண்டும் என்று அடுத்தடுத்து ரேடியோ அயோடின் கொடுத்தால் நுரையீரல் இறுகும் ஆபத்து உண்டு. நோய் முற்றிலும் மறையாமல், வளராமலும் பல்லாண்டு நிற்கும் குழந்தைகள் பலர் நன்றாகப் படித்து, விளையாடி வளர்கிறார்கள்.

அல்ட்ராசவுண்டின் ஒரு வரி

பாப்பில்லரி வகையில் நோய் மிக அதிகமாகத் திரும்பும் இடம் கழுத்து நெறிக்கட்டிகளே. அதனால் கழுத்து அல்ட்ராசவுண்ட் கணிப்பின் இரண்டாவது தூண். அறுவைக்கு ஆறு மாதம் கழித்து முதல் ஸ்கேன். பிறகு குறைந்த ஆபத்தில் ஐந்து ஆண்டு வரை ஆண்டுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒன்று.

இரண்டு ரிப்போர்ட் வரிகளை எடுத்துக்கொள்வோம் (‘லெவல்’ என்பது கழுத்துப் பகுதியின் எண்). ‘வலது லெவல் 2, 14 × 5 மி.மீ., நீள்வடிவம், நடுவில் கொழுப்பு மையம் தெரிகிறது.’ ‘வலது லெவல் 4, 7 × 6 மி.மீ., உருண்டை, கொழுப்பு மையம் இல்லை, உள்ளே நுண் சுண்ணப் புள்ளிகள்.’ அளவைப் பார்த்துப் பயப்படுபவர் முதல் வரிக்குப் பயப்படுவார். ஆனால் தாடைக்குக் கீழே, தொண்டை வலிக்கும் சளிக்கும் வீங்கும் இடத்தில், இயல்பான வடிவத்தோடு இருக்கும் நெறிக்கட்டி அது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருக்கும். பாதி அளவே உள்ள இரண்டாவது கட்டிதான் கவனத்துக்குரியது. சுண்ணப் புள்ளி, நீர் கோத்த பகுதி, உருண்டை வடிவம், கொழுப்பு மையம் மறைதல், ஓரத்தில் ரத்த ஓட்டம் ஆகியவை சந்தேகக் குறிகள். சந்தேகமுள்ள கட்டியில் ஊசியால் செல் எடுக்கும்போது, அதே ஊசியைக் கழுவிய நீரிலும் தைரோகுளோபுலின் அளக்கச் சொல்லலாம். செல்கள் போதாமல் போனாலும் அந்த அளவு விடை தந்துவிடும். ஒரு செ.மீ.க்குக் கீழே, வளராமல் இருக்கும் சிறு கட்டிகளை உடனே அறுக்காமல் கண்காணிப்பதும் ஏற்கப்பட்ட வழியே.

ஓராண்டுக்குப் பிறகு மறுகணிப்பு

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் டட்டில் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, முதல் இரண்டு ஆண்டில் சிகிச்சைக்குக் கிடைத்த பதிலைச் சேர்த்துக்கொண்டால் ஆரம்பக் கணிப்பு எவ்வளவு மேம்படுகிறது என்று காட்டியது. ஆய்வு பெரியவர்களைப் பற்றியது; ஆனால் அந்த முறையைக் குழந்தைகளிலும் பின்பற்றுகிறார்கள், அது பொருந்தியும் வருகிறது. தைராய்டு முழுவதும் எடுத்து ரேடியோ அயோடினும் கொடுத்தவர்களுக்கு, மாத்திரை எடுக்கும் நிலையில் தைரோகுளோபுலின் 0.2-க்குக் கீழ், அல்லது தூண்டிய நிலையில் 1-க்குக் கீழ் இருந்து, எதிர்ப்புப் புரதமும் ஸ்கேனில் எதுவும் இல்லாவிட்டால் சிறந்த பதில். ஸ்கேனில் ஒன்றும் இல்லாமல், மாத்திரை எடுக்கும் நிலையில் 1 அல்லது அதற்கு மேல், தூண்டிய நிலையில் 10 அல்லது அதற்கு மேல், அல்லது எதிர்ப்புப் புரதம் ஏறிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் மட்டும் முழுமையடையாத பதில். ஸ்கேனிலேயே நோய் தெரிந்தால் கட்டமைப்பிலும் முழுமையடையாத பதில். இவற்றில் எதிலும் அடங்காதவர்கள் தீர்மானிக்க முடியாத பதில் என்ற நான்காம் பிரிவில் இருப்பார்கள்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். பதின்மூன்று வயதுச் சிறுமி, 2.4 செ.மீ. பாப்பில்லரி கட்டி, நடுக்கழுத்தில் 9 கட்டிகளில் 4-லும், வலப்பக்கத்தில் 21-ல் 3-லும் நோய், உறையைத் தாண்டவில்லை. பக்கவாட்டில் சிறிதளவே பரவல் என்பதால் நடுத்தர ஆபத்து. தூண்டிய தைரோகுளோபுலின் 6. மருத்துவக் குழு கலந்து பேசி ரேடியோ அயோடின் கொடுக்கிறது. ஸ்கேனில் தைராய்டு இருந்த இடத்தைத் தவிர வேறெங்கும் ஒளிரவில்லை. ஓராண்டில், டி.எஸ்.எச். 0.2 இருக்கும்போது தைரோகுளோபுலின் 0.3, எதிர்ப்புப் புரதம் இல்லை, அல்ட்ராசவுண்ட் சுத்தம். இது தீர்மானிக்க முடியாத பதில். செய்ய வேண்டியது ஒன்றே, அதே ஆய்வுக்கூடத்தில் மறுபடி எடுப்பது. அடுத்த ஆண்டு 0.1 வந்தால் அவள் சிறந்த பதிலுக்கு நகர்ந்துவிட்டாள், டி.எஸ்.எச். அடக்கத்தைத் தளர்த்தி, பரிசோதனை இடைவெளியை நீட்டலாம். அதற்கு மாறாக, டி.எஸ்.எச். அதே அளவில் நிற்கும்போது 0.3, 0.6, 1.1 என்று ஏறினால், எண் இன்னும் சிறியதுதானே என்று விடக் கூடாது; இரட்டிப்பாகும் வேகமே இங்கே செய்தி. கழுத்தை அனுபவமுள்ளவர் ஒருவரிடம் மறுபடி ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒரே காகிதம், ஒரே படி; இரண்டு ஆண்டில் இரண்டு வேறு கணிப்புகள்.

மரபணுவும் கணிப்பு மாதிரிகளும்

கட்டியின் மரபணுப் பரிசோதனை கணிப்புக்கு உதவத் தொடங்கியிருக்கிறது. பெரியவர்களிடம் அதிகமாக உள்ள பிராஃப் வி600ஈ மாற்றம் குழந்தைகளில் குறைவு, ரெட், என்.டி.ஆர்.கே. மரபணு இணைவுகள் (வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்ளுதல்) அதிகம். செர்னோபில் குழந்தைகளிடமும் ரெட் இணைவுகளே மிகுதியாகக் காணப்பட்டன. இந்த இணைவுகள் உள்ள நோய் பக்கவாட்டுக் கழுத்துக்கும் நுரையீரலுக்கும் பரவும் போக்குடையது. டைசர்1, ராஸ் வகை மாற்றங்கள் உள்ளவை பொதுவாக அடங்கியே இருக்கும். டைசர்1, பி.டி.இ.என். ஆகியவை பரம்பரையாகவும் வரக்கூடும் என்பதால் குடும்பத்துக்கு மரபணு ஆலோசனை தேவைப்படலாம். மரபணு முடிவு ஒன்றை மட்டும் வைத்து, பரவல் இல்லாத குழந்தையை அதிக ஆபத்துப் படிக்கு ஏற்ற வேண்டியதில்லை. பரவல் மிகுந்து, ரேடியோ அயோடின் பலன் தராத நிலையில் அதன் பயன் பெரியது: லாரோட்ரெக்டினிப், செல்பெர்காடினிப் போன்ற குறிவைத்த மருந்துகள் அந்த இணைவுகளுக்கென்றே உள்ளன.

இணையத்தில் கிடைக்கும் கணிப்பு மாதிரிகளில் குழந்தையின் விவரங்களை இட்டு ஒரு சதவீதத்தைப் பெற்றுக்கொண்டு வருபவர்கள் பெருகிவருகிறார்கள். அந்தச் சதவீதத்தை ஏற்பதற்கு முன் சிலவற்றைக் கேட்க வேண்டும். மாதிரி குழந்தைகளின் தரவிலிருந்து உருவானதா? மேயோ கிளினிக்கின் புகழ்பெற்ற மேசிஸ் மதிப்பெண் 39 வயது வரை எல்லோருக்கும் வயதுக்கென ஒரே 3.1-ஐத் தருகிறது, அது கணிப்பதோ இறப்பை. குழந்தைகளிடையே வேறுபாடு காண அது உதவாது. மாதிரி எதை நோய் திரும்புதல் என்று எண்ணியது? ஓராண்டு நோயற்றிருந்து பின் தோன்றியதையா, முதலிலிருந்தே தங்கியிருந்ததையும் சேர்த்தா? இரண்டையும் கலந்திருந்தால் சதவீதம் பெருத்துத் தெரியும். எத்தனை ஆண்டுக்கான கணிப்பு? ஐந்தாண்டுக் கணக்கு, இருபது ஆண்டு கழித்துத் திரும்பும் நோயைக் காணாது. உருவாக்கிய மருத்துவமனைக்கு வெளியே வேறு குழந்தைகளிடம் சோதித்தார்களா? 100 பேரில் 20 பேருக்குத் திரும்பும் என்று அது சொன்ன குழுவில் உண்மையில் ஏறக்குறைய 20 பேருக்குத் திரும்பியதா? குழந்தைகளில் இந்த நோயே அரிது என்பதால், ஒரே மருத்துவமனையின் சில நூறு பேரை வைத்துச் செய்த மாதிரிகளே அதிகம். அவற்றின் எண்ணை மருத்துவரிடம் பேசுவதற்கான தொடக்கமாகக் கொள்ளலாம்; மருந்தையோ அறுவையையோ முடிவு செய்யும் எண்ணாகக் கொள்ள முடியாது.

எவ்வளவு காலம்

திரும்பும் நோயில் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளில் வெளிப்பட்டாலும், பல பத்தாண்டு கழித்தும் திரும்பியதுண்டு. அதனால் கண்காணிப்பின் அடர்த்தி குறையலாம். முற்றிலும் நிற்கக் கூடாது. சிறந்த பதிலில் நிலைத்திருப்பவருக்கு ஐந்தாண்டுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும், தேவைப்படும்போது அல்ட்ராசவுண்டும் போதும்.

தொடர்பு அறுந்துபோகும் இடம் பெரும்பாலும் பதினெட்டு வயது. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது, கல்லூரிக்காகவோ வேலைக்காகவோ ஊர் மாறும்போது, திருமணத்தின்போது கோப்பு பெற்றோர் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. பதினாறு வயதிலிருந்தே பிள்ளை தன் ரிப்போர்ட்டைத் தானே வாசித்துப் பழக வேண்டும். பெண்பிள்ளைகள், கருத்தரிக்கும்போது மாத்திரை அளவு கூட வேண்டியிருக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மாறும் நாளில் புதிய மருத்துவரிடம் கொடுக்க ஒரு பக்கச் சுருக்கம் தயாராக இருக்கட்டும்: அறுவையின் தேதியும் வகையும், நோயிருந்த நெறிக்கட்டிகளின் எண்ணிக்கை, ரேடியோ அயோடின் மொத்த அளவு, தொடக்கப் படி, இன்றைய பதில் பிரிவு, கடைசி மூன்று தைரோகுளோபுலின் அளவுகள் அந்தந்த நாளின் டி.எஸ்.எச்., எதிர்ப்புப் புரத அளவுகளோடு, அவற்றை எடுத்த ஆய்வுக்கூடத்தின் பெயர், அடுத்த பரிசோதனை எந்த மாதம் என்பது.